கொத்தனார் கையும் மருந்துக்கடை ட்யூபும்

அறுபதைத் தாண்டிய ஒரு கொத்தனார் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டால், ஒரே கையில் இரண்டு வயதைப் பார்க்கலாம். முழங்கைக்குக் கீழே தோல் கறுத்து, தடித்து, வரிவரியாக வெடித்திருக்கும். ஆங்காங்கே கரும்புள்ளிகள், எப்போது இடித்துக்கொண்டார் என்று அவருக்கே நினைவில்லாத ஊதா நிற ரத்தக்கட்டுகள். சட்டைக்குள்ளேயே இருந்த மேல்கையின் உட்புறமோ கொஞ்சம் தளர்ந்திருக்கும், அவ்வளவுதான். நிறம் சீராக, வழவழவென்று இருக்கும். இரண்டுக்கும் பிறந்த தேதி ஒன்றுதான். நடுவில் இருப்பது நாற்பது வருட வெயில். மதுக்கரை மாதிரி ஊரில் அதோடு சிமென்டும் சேர்ந்துகொள்ளும்.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் இருக்கிற ஊர் இது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டிருக்கும் அந்த இடைவெளி வழியாக ஆனி, ஆடியில் காற்று சுழற்றியடிக்கும். மார்கழி, தை வந்தால் வறண்ட பனிக்காற்று உதட்டையும் குதிகாலையும் வெடிக்க வைக்கும். 'கோயமுத்தூர் கிளைமேட்' என்று வெளியூர்க்காரர்கள் பெருமூச்சு விடும் அந்தக் குளிர்ந்த காற்றில் ஓர் ஏமாற்று இருக்கிறது. காற்று உடம்பைக் குளிர்விக்கும்; புற ஊதாக் கதிரைத் தடுக்காது. பூமத்திய ரேகைக்கு வெறும் 11 டிகிரி வடக்கே இருக்கும் ஊரில் அந்தக் கதிரின் கடுமை, உடம்பில் சூடு உறைக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்து வருவதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் வயதாகும் தோலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அழகு நிலையத்துச் சமாச்சாரம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ராத்திரி முழுக்க முதுகைச் சொறிந்துகொண்டு தூங்காமல் கிடக்கும் எழுபது வயது அம்மிச்சிக்கு அது அழகு சம்பந்தப்பட்ட விஷயமா? குதிகால் பித்தவெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து, சர்க்கரை நோயால் புண் ஆறாமல் விரலை இழக்கும் பெரியவருக்கு? தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021 மதிப்பீட்டின்படி 13.6 சதவீதம். கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள பெரிய மாநிலம் இதுதான். அவர்கள் தோலுக்குத் தேவையானவை மிகச் சில, விலையும் குறைவு. மருந்துக்கடையிலும் விளம்பரத்திலும் அவர்களுக்கு நீட்டப்படுவது பெரும்பாலும் வேறொன்று: வெளுப்பு. சந்தை தவறான பொருளை விற்கிறது, அரசின் வரி அந்தத் தவறுக்கே துணைபோகிறது என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய செய்தி.

வெயிலின் கணக்கை ஒரே படத்தில் புரியவைத்த சம்பவம் ஒன்று உண்டு. 2012இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழ் 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் முகத்தைப் பிரசுரித்தது. 28 வருடம் வண்டி ஓட்டியவர். வலது கன்னம் அந்த வயதுக்கு ஏற்றாற்போல் இருந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, தொங்கி, உழுத நிலம் போல் ஆழமான கோடு விழுந்திருந்தது. புற ஊதாக் கதிரில் 'ஏ' வகை ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவி வரக்கூடியது. தோலின் அடி அடுக்குவரை இறங்கி அங்கிருக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருளைக் குலைப்பதும் அதுதான். இந்தியாவில் ஸ்டியரிங் வலது பக்கம். வாளையார் வழியாகக் கேரளா போய்வரும் ஓட்டுநர்கள், ஜன்னலில் முழங்கையை ஊன்றியபடி வருடக்கணக்கில் ஓட்டியவர்கள், தங்கள் வலது கையை இடது கையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வெள்ளைத் தோலில் வெயில் முதலில் சுருக்கமாக வெளிப்படும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இயற்கையே கொடுத்த மெலனின் காவல் இருப்பதால் சுருக்கம் பல வருடம் தள்ளிப்போகும். அதற்குப் பதில் மங்கு வரும், கன்னத்தில் திட்டு வரும், கரும்புள்ளி வரும். ஆகவே மேல்நாட்டுப் பெண்ணின் கண்ணோரச் சுருக்கத்தை மனதில் வைத்து உருவாக்கிய க்ரீமை ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்குவதில் கொங்குநாட்டுப் பெண்ணுக்கு முதல் லாபம் எதுவும் இல்லை. அவர் தேடுவது திட்டுக்கு மருந்து. அந்தத் தேடல்தான் அவரை ஆபத்தான ட்யூப்களிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் உள்ளே நடப்பது என்ன என்று பார்க்க வேண்டும். தோலின் மேலடுக்கைக் கட்டடத் தொழிலாளருக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம்: செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கிடையே இருக்கும் கொழுப்பு சாந்து. வயதாக ஆக சாந்து குறைகிறது. உள்ளே இருக்கும் ஈரம் கசிந்து போகிறது. வெளியே இருக்கும் சோப்பும் தூசும் கிருமியும் உள்ளே வருகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகளும் தளர்கின்றன. இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரத்தில் புதுப்பித்துக்கொண்ட மேல்தோல் இன்னும் அதிக நாள் எடுத்துக்கொள்கிறது. பெண்களுக்கு இதில் ஒரு திடீர்ச் சரிவு உண்டு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடுகிறது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில்; மேல்நாட்டுப் பெண்களைவிட நான்கைந்து வருடம் முன்னதாக. ஐம்பதில் ஒரு பெண் 'திடீர்னு மூஞ்சியே மாறிப்போச்சுங்க' என்று சொன்னால் அது வீண் புலம்பல் இல்லை, உடம்பில் நடந்ததைத்தான் சொல்கிறார்.

அப்படியானால் குளியலறையிலிருந்து ஆரம்பிக்கலாம். சாதாரண சோப்பின் பிஎச் அளவு 9, 10 என்று காரமாக இருக்கும். தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது, 5ஐ ஒட்டியது. இருபது வயதுத் தோல் சோப்புப் போட்ட சில மணி நேரத்தில் தன் நிலைக்குத் திரும்பிவிடும். எழுபது வயதுத் தோலுக்கு அந்தத் தெம்பு கிடையாது. சோப்பு உறையைத் திருப்பிப் பார்த்தால் 'டிஎஃப்எம்' என்று ஒரு சதவீதம் போட்டிருக்கும். சோப்பில் உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. இந்தியத் தர நிர்ணயப்படி முதல் தரக் குளியல் சோப்புக்கு அது 76 சதவீதமாவது இருக்க வேண்டும். மூன்றாம் தரத்துக்கு 60 போதும். வாசனையையும் நடிகையின் படத்தையும் பார்த்து வாங்குகிற வீட்டில் இந்த எண்ணைப் பார்த்து வாங்கும் பழக்கம் வந்தால் அதுவே பாதி வைத்தியம். அதைவிட முக்கியம், பெரியவர்கள் தினமும் உடம்பு முழுக்கச் சோப்பு தேய்க்கத் தேவையில்லை என்பது. அக்குள், தொடை இடுக்கு, பாதம் போதும். கையிலும் காலிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றினாலே அழுக்குப் போகும். வெந்நீர் ஆவி பறக்க வேண்டாம், வெதுவெதுப்பே சரி. பீர்க்கங்காய் நாரையும் கல்லையும் அறுபதுக்குப் பிறகு ஒதுக்கிவைப்பது நல்லது.

கொங்குநாட்டுக்குத் தெரிந்த எண்ணெய்க் குளியலில் இதற்கான அறிவு ஏற்கெனவே இருந்தது. நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, அரப்புத் தூள் போட்டு அலசும்போது எண்ணெய் முழுக்கப் போகாது, ஒரு மெல்லிய படலம் தங்கிவிடும். ஷாம்பும் சோப்பும் வந்த பிறகு அந்தப் படலத்தையும் சுரண்டி எடுப்பதுதான் சுத்தம் என்ற நினைப்பு வந்துவிட்டது. வாரத்தில் ஒருநாள் எண்ணெய் தேய்த்து ஆறு நாள் காரச் சோப்பால் உரசுவது என்ன கணக்கு என்று தெரியவில்லை.

வறட்சிக்குப் பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெயே நல்ல மருந்து. இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2004இல் பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ள 34 பேரிடம் நடந்த ஒப்பீட்டில், வெர்ஜின் தேங்காய் எண்ணெயும் மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் மினரல் ஆயிலும் சமமாக வேலை செய்தன. இறக்குமதி ஆலிவ் எண்ணெயோ 2013இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில் தோலின் காவல் அடுக்கைப் பலவீனப்படுத்துவதாகத் தெரியவந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து மடங்கு விலை கொடுத்து அதை வாங்கி அம்மாவின் காலுக்குத் தேய்த்துவிடும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. எண்ணெய் எதுவானாலும் தடவும் நேரம் முக்கியம். குளித்துத் துவட்டி, தோலில் ஈரம் இருக்கும்போதே மூன்று நிமிடத்துக்குள் தடவினால்தான் அந்த ஈரத்தை அது உள்ளே பூட்டிவைக்கும். காய்ந்த தோலில் தடவினால் பூட்டுவதற்கு எதுவும் இருக்காது. குதிகால் வெடிப்புக்கு எண்ணெய் மட்டும் போதாது. யூரியா கலந்த களிம்பு தடித்த தோலை இளக்கும். ராத்திரி அதைப் பூசி, பழைய பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் பத்துப் பதினைந்து நாளில் வித்தியாசம் தெரியும். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் தடவிய காலோடு குளியலறை டைல்ஸில் நடக்கக் கூடாது. கட்டிலில் உட்காரவைத்துத் தடவிவிடுவதே பாதுகாப்பு. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் தோல் கவலை எல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

வெயிலுக்கு வருவோம். தினமும் சன்ஸ்கிரீன் பூசுவது தோல் முதுமையைத் தள்ளிப்போடுமா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற சிற்றூர் பதில் கொடுத்திருக்கிறது. 1992 முதல் 1996 வரை 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாரார் தினமும் பூசினார்கள். மற்றவர்கள் தோன்றியபோது பூசினார்கள். நாலரை வருடம் கழித்து, புறங்கையின் தோலை அச்சு எடுத்து ஒப்பிட்டபோது தினமும் பூசியவர்களிடம் முதுமை அடையாளங்கள் 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியான முடிவு இது. எத்தனையோ 'ஆன்டி ஏஜிங்' க்ரீம்களின் பெட்டிகளில் இருக்கும் வாக்குறுதிகளில் இவ்வளவு உறுதியான சோதனையைத் தாண்டியவை அபூர்வம்.

எஸ்பிஎஃப் 30 போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். பொட்டுப்பொட்டாக வைத்தால் அட்டையில் போட்டிருக்கும் பாதுகாப்பில் கால்வாசிகூடக் கிடைக்காது. மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கறுக்கவைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்திலேயே வரும் வகைதான் தடுக்கும். மாநிற முகத்தில் திருநீறு பூசினாற்போல் வெள்ளையாகத் தெரியும் தொல்லையும் அதில் குறைவு.

ஆனால் ட்யூபைவிட முந்தியது துணி. மதுக்கரையைச் சுற்றிய தோட்டங்களிலும் நூறு நாள் வேலை நடக்கும் இடங்களிலும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, மணிக்கட்டில் பொத்தான் மாட்டி, தலையில் துண்டைச் சுற்றி முகத்தின் பாதியை மறைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டிய அவசியம் இல்லாத, வேர்வையில் வழிந்தோடாத, காசு செலவில்லாத பாதுகாப்பு அது. தோல் மருத்துவர்கள் சொல்லும் அறிவுரையில் முதல் வரி இந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்கூட்டரில் போகிற அரைக்கைச் சட்டை ஆண்களுக்குத்தான் தெரியவில்லை. வழுக்கை விழுந்த தலைக்குத் தொப்பி வேண்டும், காது மடலுக்கு மறைப்பு வேண்டும் என்று அவர்களிடம் யாரும் சொல்வதுமில்லை. ரத்த அழுத்தத்துக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாகத் தாக்கும் என்பதும் இதே பக்கத்தில் எழுதிவைக்க வேண்டிய செய்தி. வைட்டமின் டி குறைந்துவிடும் என்ற பயம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக முகத்தை வெயிலுக்குக் காட்ட வேண்டாம்.

சிமென்ட் கைக்கு வேறு கவனிப்பு வேண்டும். 1930களிலிருந்து சிமென்ட் ஆலையைச் சுமந்துவரும் ஊர் மதுக்கரை. ஈரச் சிமென்ட் சோப்பைவிடப் பல மடங்கு காரமானது. பிஎச் அளவு 12ஐத் தாண்டும். அதில் நுண்ணிய அளவில் கலந்திருக்கும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருமுறை வந்துவிட்டால் அந்த ஒவ்வாமை ஆயுசுக்கும் போகாது. டென்மார்க் 1980களிலேயே சிமென்டில் இரும்பு சல்பேட் சேர்த்து இந்தக் குரோமியத்தை அடக்கியது. 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. அங்கே கட்டடத் தொழிலாளரின் கைப்புண் குறைந்தது. சிமென்ட் விளையும் ஊரில், சித்தாளாக முப்பது வருடம் கலவை தூக்கிய பெண்ணின் கைக்கும் அந்தக் காவல் வேண்டும். அதுவரை செய்யக்கூடியது, கையுறை; வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவல்; உடனே வாசலின் அல்லது எண்ணெய். பெயின்ட்காரர்கள் மண்ணெண்ணெயிலும் தின்னரிலும் கை கழுவுவது தோலில் மீதமிருக்கும் கொழுப்புச் சாந்தையும் கரைத்துவிடும்.

இனி அந்த ட்யூப். சுருக்கத்துக்கும் வெயில் பட்ட தோலுக்கும் நிரூபணமான மருந்து ஒன்று உண்டு: வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் டிரெட்டினாயின். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் பருவுக்குப் பயன்படுத்திய இது, சுருக்கத்தையும் குறைப்பதாக 1986இல் எழுதினார். 1995இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது. கிளிக்மன் பெயரின் பின்னால் ஒரு கறையும் இருக்கிறது. பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகள்மேல், பெரும்பாலும் கறுப்பினத்தவர்மேல், 1951 முதல் 1974 வரை நடந்த பரிசோதனைகளை முன்னின்று நடத்தியவர் அவர்தான். பல்கலைக்கழகம் 2021இல்தான் மன்னிப்புக் கேட்டது. இன்று உலகம் முழுக்கப் பூசப்படும் ட்யூபுக்கு யார் தோல் விலையாக இருந்தது என்பது மறக்கக் கூடாதது.

ஐம்பதை ஒட்டியவர்கள் மருத்துவர் சொல்லி ஆரம்பிக்கலாம். ராத்திரியில், பட்டாணி அளவு, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் மட்டும். அவசரப்பட்டுத் தினமும் பூசினால் தோல் எரிந்து சிவக்கும். மாநிறத் தோலில் எரிச்சல் ஆறிய இடம் கறுத்துப்போகும், வந்த குறையைவிடப் பெரிய குறை தங்கிவிடும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். எண்பதைத் தொட்ட, காகிதம்போல் மெலிந்த தோலுக்கு இது தேவையே இல்லை. பதின்மூன்று வயதுப் பேத்திக்கும் தேவையில்லை. ஸ்வீடனில் அப்போடெக் யார்டட் என்ற மருந்துக்கடை நிறுவனம் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த வகை க்ரீம்களை விற்பதில்லை என்று 2024இல் அறிவித்தது. வயதுக்கு ஏற்ற பராமரிப்பு என்பது சிலரிடம் 'உனக்கு இது வேண்டாம்' என்று சொல்வதும்தான்.

அதே கிளிக்மன் 1975இல் மங்குக்கு ஒரு கலவை சொன்னார்: ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மருத்துவர் கண்காணிப்பில் சில வாரங்களுக்கு மட்டும் தரவேண்டியது. இந்தியாவில் அந்தக் கூட்டணியின் வாரிசுகள் மருந்துக்கடைக் கவுண்டரில் 'மூஞ்சிக்குப் போடற ட்யூப்' என்ற பெயரில் வருடக்கணக்கில் விற்றன. பூசிய முதல் வாரம் முகம் பளபளக்கும். பிறகு விட்டால் எரியும், சிவக்கும், பூசினால்தான் அடங்கும். தோல் மெலிந்து ரத்த நாளம் வெளியே தெரியும், பெண்களுக்குக் கன்னத்தில் ரோமம் முளைக்கும், படர்தாமரை பூசப்பூசப் பரவும். இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்துவிட்டது சரி; சீட்டுக் கேட்கும் கடை எத்தனை? ஏற்கெனவே மெலிந்துபோன அறுபது வயதுத் தோலில் இந்த ட்யூப் செய்யும் சேதம் இளவயதினருக்குச் செய்வதைவிடக் கொடியது. சும்மா கை பட்டாலே தோல் கிழிந்து ரத்தம் வரும் நிலை வந்துவிடும்.

இதைவிட மோசமானது கணவாய்க்கு அந்தப் பக்கம் நடந்தது. பாலக்காட்டைத் தாண்டினால் அடுத்த மாவட்டம் மலப்புரம். அங்கே கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த குறிப்பிட்ட சிறுநீரக நோயாளிகள் 22 பேரில் 15 பேருக்கு ஓர் அபூர்வ வகை இருப்பது தெரிந்தது. விசாரித்தபோது அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். க்ரீமில் பாதரசம் இருந்தது. தோல் வழியே ரத்தத்தில் இறங்கி, சிறுநீரகத்தின் வடிகட்டியைப் பதம் பார்த்திருக்கிறது. க்ரீமை நிறுத்திய பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது என்பதே ஆறுதல். இந்திய விதிப்படி முகத்தில் பூசும் பொருளில் தற்செயலாகக்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண் மூன்றும் இல்லாத டப்பாவை வீட்டுக்குள் விடாமல் இருப்பதுதான் சாதாரண மனிதர் செய்யக்கூடிய சோதனை. வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்தது என்பதாலோ, தெரிந்த பியூட்டி பார்லர்க்காரர் கொடுத்தது என்பதாலோ அந்தச் சோதனை ரத்தாகிவிடக் கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய சில அடையாளங்கள் உண்டு. பொட்டு வைக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டு விழுந்தால் அது ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ரசாயனத்தால் இருக்கலாம். பொட்டை மாற்ற வேண்டும், அதன்மேல் க்ரீம் பூசக் கூடாது. எண்ணெய் தடவியும் அடங்காத, தடிப்பே இல்லாத அரிப்பு என்றால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, சர்க்கரை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ புதிதாகத் தோன்றி வளரும் கரும்புள்ளியையும், ஒரு மாதத்துக்கு மேல் ஆறாத புண்ணையும் தள்ளிப்போடக் கூடாது. கோவை அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போக ஒரு பஸ் டிக்கெட் போதும். முகத்தில் மிளகு மிளகாக வரும் மரு, பாலுண்ணி பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. சுண்ணாம்பும் முந்திரி எண்ணெயும் வைத்து அவற்றைச் சுட்டுப் பள்ளமாக்கிக்கொள்வதுதான் ஆபத்து.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு முதியவரின் அன்றாடத் தோல் பராமரிப்புக்கு வேண்டியது நல்ல சோப்பு, எண்ணெய் அல்லது மாய்ஸ்சரைசர், முழுக்கைச் சட்டை, முடிந்தால் ஒரு சன்ஸ்கிரீன். இதைக் கொண்டுசேர்க்கும் வழியும் தமிழ்நாட்டில் தயாராக இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடிப்போய் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை தருகிறார்கள்; படுக்கையில் கிடப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறார்கள். அந்தப் பையில் யூரியா களிம்பு ஒன்றையும், வெள்ளை வாசலின் டப்பா ஒன்றையும் சேர்க்க வேண்டும். சர்க்கரை அளவு பார்க்கும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலைப் பார்க்கவும், வீட்டில் இருக்கும் ட்யூப்பை வாங்கிப் படித்து ஸ்டீராய்டு இருந்தால் நிறுத்தும் முறையைச் சொல்லவும் ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தால் போதும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் உறுப்பினர்களுக்குக் கையுறையோடு கைக்களிம்பும் தரலாம்.

வரியைத்தான் தில்லியில் மாற்ற வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி மாற்றத்தில் முகப் பவுடருக்கும் டால்கம் பவுடருக்கும் வரி 18 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைந்தது. குளியல் சோப்புக்கும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க்கும் அப்படியே. சன்ஸ்கிரீனும் மாய்ஸ்சரைசரும் அழகுப் பொருள் என்ற பெயரில் 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. முகத்தை வெளுப்பாகக் காட்டும் பவுடருக்குச் சலுகை, அதே முகத்தை வெயிலிலிருந்து காக்கும் பொருளுக்குச் சுமை. முதியோர் விகிதத்தில் நாட்டில் முன்வரிசையில் நிற்கும், வருடம் முழுக்க வெயில் காயும் ஒரு மாநிலத்துக்கு இது நியாயமாகப் படவில்லை. எஸ்பிஎஃப் 30உம் அதற்கு மேலும் உள்ள சன்ஸ்கிரீனையும், யூரியாவும் கிளிசரினும் கலந்த மாய்ஸ்சரைசரையும் 5 சதவீதப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும், அவற்றின் உறையில் பூசும் அளவும் முறையும் தமிழில் அச்சாக வேண்டும் என்ற கோரிக்கையை ஜிஎஸ்டி கவுன்சிலின் அடுத்த கூட்டத்திலேயே தமிழ்நாடு எழுப்ப வேண்டும்.